மெஷின் வந்தால் மட்டும் போதுமா?



ஆஸ்பத்திரிக்கு என்ன வேணும் என்றால் நாம் முதலில் கேட்பது மெஷின்தான். எக்ஸ்-ரே, சிடி ஸ்கேன். கேட்கத்தான் வேண்டும். ஆனால் வரலாறு இன்னொன்றையும் சொல்கிறது.

1895 நவம்பரில் ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். காப்புரிமை எடுக்கவில்லை. சில மாதங்களிலேயே பல நாட்டு வைத்தியர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். கருவி வேகமாகப் பரவியது, பயிற்சி பரவவில்லை. முதலாம் உலகப் போரில் மேரி கியூரி எக்ஸ்-ரே கருவிகளை வாகனங்களில் ஏற்றிப் போர்முனைக்கு அனுப்பினார். இயக்க ஆள் போதாமல், 1916 முதல் சுமார் 150 பெண்களைப் பயிற்றுவித்தார்.

படம் எடுப்பது ஒன்று, அதை வாசிப்பது வேறு. சிறிய ஆஸ்பத்திரிகளுக்கென எளிய எக்ஸ்-ரே முறையொன்றை உருவாக்கிய உலக சுகாதார நிறுவனம் அதோடு நிற்கவில்லை. நிபுணரல்லாத பொது வைத்தியர்கள் படம் வாசிக்கப் பழக, 1985இல் கைநூலொன்றையும் வெளியிட்டது.

நம் நாட்டில் கதிரியக்க நிபுணராக, எம்பிபிஎஸ் முடித்த பிறகும் பல வருடம் படிக்க வேண்டும். அதனால் நள்ளிரவில் மோட்டார் சைக்கிளில் விழுந்த பிள்ளையின் படத்தை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் கடமையிலுள்ள இளம் வைத்தியர்தான். மெல்லிய முறிவொன்று கண்ணில் படாவிட்டால் அந்தக் கை கோணலாகப் பொருந்திவிடலாம்.

ஆகவே கல்முனையோ, அக்கரைப்பற்றோ, திருக்கோவிலோ, அடுத்த முறை மெஷின் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்: படத்தை வாசிப்பவர் யார்? அவருக்குப் பயிற்சி எப்போது?