பன்னிரண்டும் பதினாறும்: ஒரு கட்டுக்கம்பியின் கதை

கஹவத்தை டவுனிலிருந்து கொஞ்சம் தள்ளி, பழைய காட்போட், போத்தல், இரும்பு எல்லாம் வாங்கிச் சேர்க்கும் ஒரு யார்ட் இருக்கிறது. எங்கள் லயத்து அண்ணன் ஒருவர் அங்கே பேலிங் மெஷினில் நிற்கிறார். கம்பஸ் லீவுக்கு வந்திருந்தபோது அவரைப் பார்க்கப் போனோம். இடது முழங்கைக்குக் கீழே நீளமாய் ஒரு தையல்.

"பிளாஸ்டிக் போத்தல் கட்டு. மெஷின் கதவ தொறந்தேன், கம்பி அறுந்து அடிச்சிருச்சு. பன்னண்டாம் நம்பர் கேட்டேன், முதலாளி பதினாறு கொண்டாந்துட்டாரு. நம்பர் கூடுனா பெலமும் கூடும்னு நெனச்சிட்டாரு போல."

முதலில் சிரித்துவிட்டோம். பிறகு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் எங்களுக்கும் அது தெரியாது. கம்பியில் நம்பர் கூடக் கூடப் பருமன் குறையும். ஏன் இப்படித் தலைகீழ்? கலைப்பீடத்துப் பிள்ளைகள் கம்பியைப் பற்றித் தேடத் தொடங்கியது இந்தக் கேள்வியில்தான்.

கம்பியை வார்ப்பதில்லை, இழுக்கிறார்கள். தடித்த இரும்புக் கோலை ஒரு துளைக்குள் விட்டு இழுத்தால் அது மெலியும். அடுத்த சிறிய துளையில் இழுத்தால் இன்னும் மெலியும். எத்தனை தடவை இழுத்தார்களோ, ஏறக்குறைய அதுதான் நம்பர். பிரிட்டனில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென்று ஓர் அளவு வைத்திருந்து குழப்பியதால், 1884 இல் ஒரே அளவைச் சட்டமாக்கினார்கள். காலனி வழியாக நம் ஹார்ட்வெயார் கடைக்கு வந்து சேர்ந்ததும் அந்த வரிசைதான். அதன்படி 12 ஆம் நம்பர் 2.64 மில்லிமீற்றர், 16 ஆம் நம்பர் 1.63 மில்லிமீற்றர். பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்குப் பண்ணினால் பன்னிரண்டு இரண்டரை மடங்குக்கும் மேல். ஒரே இரும்பென்றால் தாங்கும் சுமையும் அதே அளவு கூடும். ஒரு கிலோ வாங்கினால் 16 ஆம் நம்பரில் நீளம் அதிகம் கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். முதலாளி உண்மையிலேயே தவறாகத்தான் நினைத்தாரா என்று எங்களுக்குள் ஒரு சந்தேகம் உண்டு.

பொருட்களைக் கம்பியால் கட்டுவது மறுசுழற்சியோடு வந்த பழக்கம் அல்ல. 1870களில் அமெரிக்காவில் அறுத்த கதிரைக் கம்பியால் கட்டும் இயந்திரங்கள் வந்தன. கம்பித் துண்டுகள் வைக்கோலோடு மாட்டின் வயிற்றுக்குள் போவதாக விவசாயிகள் சத்தம் போட்டார்கள். ஜோன் ஆப்பிள்பி என்பவர் உருவாக்கிய முடிச்சுப் போடும் கருவி வந்ததும், 1880களில் கயிறு அந்த இடத்தைப் பிடித்தது. ஆனால் புல்லை இறுக்கி அழுத்தும் பிரஸ்களில் கம்பி நிலைத்துவிட்டது, ஏனென்றால் அழுத்திய பொருள் திரும்ப விரியப் பார்க்கும். கட்டைப் பிரித்த பிறகு மிஞ்சிய கம்பியை வைத்து உடைந்ததையெல்லாம் ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். ஒழுங்கு கெட்டுப் போனதை ஆங்கிலத்தில் 'ஹேவயர்' என்று சொல்வது அந்தப் புல்கம்பியிலிருந்து வந்ததுதான்.

எங்கள் பக்கத்துக் கதை வேறு. தோட்டத்திலிருந்து வெளியே போன தேயிலை, ஓரங்களில் தகரம் அடித்த ஒட்டுப்பலகைப் பெட்டியில் போனது. இப்போது கடதாசி மூட்டை. ரப்பருக்குக் கம்பியே தேவைப்படவில்லை. மரப்பெட்டியில் அனுப்பினால் மரச்சிராய் ரப்பருக்குள் ஏறிவிடும் என்று, புகையூட்டிய சீட்டுகளை அடுக்கி அழுத்தி, அதே ரப்பர் சீட்டாலேயே சுற்றி, ஒட்டாமலிருக்க வெளியே டால்க் கலவை பூசி அனுப்பும் முறை வந்தது. பழைய கணக்கில் ஒரு கட்டு 250 இறாத்தல். 1952 இல் சீனாவோடு செய்த ரப்பர்-அரிசி ஒப்பந்தத்தைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். ரப்பரை எப்படிக் கட்டி அனுப்பினார்கள் என்று எந்தப் பாடமும் சொல்லவில்லை. பால்வெட்டிய எங்கள் பாட்டிமாருக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் கேட்கவில்லை.

அண்ணன் கட்டுவது சீட்டு அல்ல, போத்தல். ரப்பர் அழுத்தினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் போத்தல் துள்ளும், மூடியோடு போட்டால் உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்து தள்ளும். காட்போடும் விரியும்தான், ஆனால் இந்தளவு இல்லை. அதனால் ஒரே கம்பி எல்லாவற்றுக்கும் சரிவராது.

பருமனுக்கு அடுத்தது, கம்பியின் குணம். இழுக்க இழுக்கக் கம்பி விறைக்கும். அதைச் சூளையில் காய்ச்சி மெதுவாக ஆறவிட்டால் இளகி வரும், கடைகளில் கறுப்புக் கம்பி என்று விற்பது அதுதான். கையால் முறுக்கிக் கட்டும் சின்ன மெஷினுக்கு இதுதான் நல்லது: முறுக்கு பிடிக்கும், கட்டு விரியும்போது அறுந்துவிடாமல் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். தானாகக் கட்டும் பெரிய மெஷின்களுக்கு விறைப்பான கம்பி வேண்டும். அதைக் கையால் முறுக்கினால் முறுக்கிய இடத்திலேயே முறியலாம். நாகம் பூசிய கம்பி விலை கூட, ஆனால் இரத்தினபுரி மாவட்டத்து மழையைத் தெரிந்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கட்டுகள் கூரையில்லாமல் வாரக்கணக்கில் லொறிக்குக் காத்துக் கிடந்தால், கறுப்புக் கம்பி துருப்பிடித்துத் தூக்கும்போது அறும். அண்ணனுடைய யார்டில் பாதிக்குக் கூரை இல்லை.

அண்ணனிடம் நாங்கள் கற்றதும் உண்டு. கம்பியை வெட்டும்போது நேர் எதிரே நிற்கக்கூடாது, பக்கவாட்டில் நிற்க வேண்டும். முகத்தைத் தள்ளி வைத்து, நீளப்பிடி வெட்டியால் வெட்ட வேண்டும். துருப்பிடித்த கம்பியை இரண்டாம் தடவை பாவிக்கக்கூடாது. "இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டோம். "அடி வாங்கித்தான்" என்றார்.

ஒரு காட்போட் மட்டையில் நம்பர்களையும் மில்லிமீற்றரையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டோம். முதலாளி வாசித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் 12 ஆம் நம்பர் ஒரு சுருள் வந்திருந்தது. தையல் போட்ட பத்து நாளுக்கும் சம்பளம் இல்லை, அண்ணனின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் இந்த நாட்டில் 1934 முதல் இருக்கிறது என்று சொன்னோம். அவர் கம்பியை முறுக்கி முடித்துவிட்டுத் திரும்பினார்.

"அதுக்கு எங்க போயி ஃபோர்ம் எடுக்கணும்னு கேட்டுச் சொல்லுங்க தம்பி."