காலும் கையும் நெறியும்

டேக்வாண்டோ என்னும் கொரியப் பெயரில் மூன்று சொற்கள் உள்ளன. முதலாவது காலால் தாக்குதலையும், அடுத்தது கைமுட்டியையும், இறுதியானது நெறியையும் குறிக்கும்.

1910 முதல் ஜப்பானியர் ஆட்சியில் இருந்த கொரியா 1945-இல் விடுதலை பெற்றது. அதையொட்டிச் சியோல் நகரில் பல பயிற்சிக்கூடங்கள் தோன்றின. அவற்றின் ஆசிரியருள் பலர் ஜப்பானில் கராத்தே பயின்றவர்கள். கூடத்திற்கொரு முறை வழங்கிற்று. அவற்றை ஒன்றாக்கும் முயற்சியில் 1955-இல் இப்பெயர் பிறந்தது. 1973-இல் சியோலில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் இக்கலை பதக்க விளையாட்டாயிற்று.

புள்ளிகளை எண்ணத் தொடங்கியபின் நெறி எங்கே நிற்கும் என்று நீங்கள் வினவலாம். களத்தைப் பாருங்கள்: இருவரும் வணங்கியே தொடங்குகின்றனர், வணங்கியே முடிக்கின்றனர். அவ்வணக்கத்திற்குப் புள்ளி இல்லை. ஆயினும், வென்றவரும் தோற்றவரும் ஒருங்கே காக்கவேண்டிய பொருள் அதுவே.