யார் நடையில் காடு நிற்கிறது? மலைக் கொரில்லாச் சுற்றுலாவும் பாதுகாப்பும்

உகாண்டா, ருவாண்டா, காங்கோ சனநாயகக் குடியரசு ஆகிய மூன்று நாடுகளும் வந்து முட்டும் மூலையில் இரண்டு காட்டுத் திட்டுகள் உள்ளன. ஒன்று விருங்கா எரிமலைத் தொடர். மற்றொன்று அதற்கு வடக்கே உகாண்டாவுக்குள் இருக்கும் பிவிண்டி. உலகில் மலைக் கொரில்லாக்கள் வாழ்வது இந்த இரண்டு இடங்களிலும் அவற்றை ஒட்டியும் மட்டுமே. 1981-இல் விருங்காவில் எடுத்த கணக்கெடுப்பில் 254 கொரில்லாக்களே எஞ்சியிருந்தன. 2015-16 கணக்கெடுப்பில் அந்த எண் 604 ஆனது. 2018-இல் பிவிண்டியில் 459 எனக் கண்டார்கள். மொத்தம் 1,063. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2018 நவம்பரில் மலைக் கொரில்லாவை அழிவின் விளிம்பில் இருப்பவை என்ற நிலையிலிருந்து ஒரு படி இறக்கி, ஆபத்தில் இருப்பவை என்ற வகையில் வைத்தது. மனிதக் குரங்கினங்களில் எண்ணிக்கை கூடிவரும் ஒன்று என்று துணிந்து சொல்ல இதைத் தவிர வேறில்லை. இந்த வெற்றிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், வழிகாட்டியோடு நடந்துபோய்க் கொரில்லாவைப் பார்க்கும் சுற்றுலா. அந்தக் காரணம் பாதி உண்மை என்பதே இக்கட்டுரையின் வாதம். அங்கே நாள்தோறும் இரண்டு வகை நடைகள் நிகழ்கின்றன. ஒன்று பயணியின் நடை. மற்றொன்று அவருக்கு முன்பே விடியலில் புறப்பட்டுவிடும் தடம் பார்ப்பவரின் நடை. காத்தது இரண்டாவது. முதலாவது அதற்குச் சம்பளம் தந்தது. இவை இரண்டையும் ஒன்றெனக் கொண்டதால்தான் கொள்கைகள் தவறான திசையில் வளர்கின்றன.

சுற்றுலாவுக்குரிய பெருமையை முதலில் குறைக்காமல் கொடுத்துவிட வேண்டும். 1969-இல் ருவாண்டா தன் எரிமலைப் பூங்காவில் ஏறத்தாழ 10,000 ஹெக்டேரை வெட்டியெடுத்துப் பைரித்ரம் பயிரிடக் கொடுத்தது. பூச்சிக்கொல்லிக்கான பூச்செடி அது. ஐரோப்பியப் பண உதவியோடு நடந்த திட்டம். 1970-களின் இறுதியில் மீதியிருந்த காட்டிலும் ஒரு பகுதியை மாட்டுப் பண்ணையாக்கும் யோசனை எழுந்தது. அப்போது அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த பில் வெபரும் ஏமி வெட்டரும் அரசிடம் பேசியது மாட்டுக்கு எதிரான கணக்கை: நின்றபடியே இருக்கும் காடு, பயணிகள் வழியாக அதைவிட அதிகம் ஈட்டித் தரும். 1979-இல் தொடங்கிய மலைக் கொரில்லாத் திட்டம் அந்தக் கணக்கின் மேல் எழுந்தது. 1967-இல் கரிசோக்கே ஆய்வு நிலையத்தை நிறுவிய டயான் ஃபாசி சுற்றுலாவை வெறுத்தார்; அவருடைய அச்சங்களில் சில பிற்காலத்தில் மெய்யாயின. ஆனால் நிலத்தின் விஷயத்தில் வெபரும் வெட்டரும் சொன்னதே சரி. சுற்றிலும் சரிவின் உச்சிவரை உருளைக்கிழங்கும் அவரையும் ஏறி நிற்கும், ஆப்பிரிக்காவிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களில் ஒன்று அது. அங்கே விலையில்லாத காடு ஒரு தலைமுறையைத் தாண்டியிருக்காது. சுற்றுலா காட்டை விட்டுவைத்தது. விட்டுவைத்த காட்டுக்குள் விலங்கு ஏன் பெருகியது என்பது தனிக் கேள்வி.

அதற்கு விடை தேட, தடம் பார்ப்பவரின் வேலை நாளைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கொரில்லாக்கள் ஒவ்வோர் இரவும் இலை தழைகளை வளைத்துப் புதிய படுக்கை அமைப்பவை. தடம் பார்ப்பவர் குழு காலையில் நேற்று விலங்குகளை விட்டுவந்த இடத்துக்குப் போய், அங்கிருந்து மிதிபட்ட செந்தட்டியையும் கடித்துத் துப்பிய மூங்கில் குருத்தையும் பார்த்தபடி படுக்கைகளைக் கண்டுபிடிக்கிறது. படுக்கைகளை எண்ணுகிறார்கள். ஒவ்வொன்றிலும் கிடக்கும் சாணத்தின் பருமனைக் கொண்டு இது முதுகு வெளுத்த பெரிய ஆண், இது குட்டியோடு படுத்த தாய் என்று பிரிக்கிறார்கள். ஒன்று குறைந்தால் அன்றே தெரிந்துவிடும். பிறகு தடத்தைத் தொடர்ந்து குழுவை எட்டி, யாருக்கேனும் இருமலா, மூக்கில் சளியா, கையில் காயமா என்று பார்க்கிறார்கள். வழியில் மானுக்கு வைத்த சுருக்குக் கண்ணிகளைக் கழற்றுகிறார்கள். கண்ணி வைப்பவர் கொரில்லாவைக் குறிவைப்பதில்லை. ஆனால் குட்டிக் கொரில்லாவின் மணிக்கட்டில் இறுகிய கயிறு கையையோ உயிரையோ எடுத்துவிடும். நோயோ கண்ணியோ தென்பட்டால் 1986 முதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் குழுவுக்குச் செய்தி போகிறது. இவ்வளவும் முடிந்த பிறகுதான், இடம் இன்னது என்று வாக்கிடாக்கியில் வழிகாட்டிக்குச் சொல்கிறார்கள். எட்டுப் பேருக்கு மேற்படாத பயணிகள் சில மணி நேரம் ஏறி இறங்கி வந்து, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பயணி பார்ப்பது ஒரு பெரிய வேலையின் கடைசிப் பத்தியை மட்டும்.

இந்த வேலைக்கும் எண்ணிக்கை உயர்வுக்கும் உள்ள தொடர்புக்குச் சான்று உண்டு. மார்த்தா ராபின்ஸும் உடனாய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, விருங்காவின் நாற்பதாண்டுத் தரவுகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. மனிதருக்குப் பழக்கப்பட்ட குழுக்கள் ஆண்டுக்கு 4.1 விழுக்காடு பெருகின, பழக்கப்படாதவை 0.7 விழுக்காடு குறைந்தன. இரண்டும் இருந்தது ஒரே மலைத் தொடரில். இந்த இடைவெளியில் 40 விழுக்காடு வரை மருத்துவத் தலையீட்டால் வந்திருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. மீதிக்கு அவர்கள் சுட்டியது நாள்தோறும் உடனிருக்கும் காவலை. சுற்றுலா ஆதரவாளர்கள் இந்த ஆய்வைத் தம் பக்கச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் பழக்கப்பட்ட குழுக்கள் என்ற தொகுதியில் பயணிகள் வராத, ஆய்வாளர்கள் மட்டும் பின்தொடர்ந்த குழுக்களும் அடக்கம். இரண்டுக்கும் பொதுவாக இருந்தது பார்வையாளர் அல்லர். தினமும் வந்து எண்ணிப்போகும் ஆள். அந்த ஆய்வாளர்கள் தம் கட்டுரைத் தலைப்பில் சுற்றுலாவைச் சொல்லாமல் தீவிரப் பாதுகாப்பு என்று சொன்னது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இங்கே எழும் மறுப்பு எளிமையானது, வலுவானதும்கூட. எண்ணிப்போகும் அந்த ஆளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? 2017-இல் ருவாண்டா ஓர் அனுமதிச் சீட்டின் விலையை 750 டாலரிலிருந்து ஒரே நாளில் 1,500 ஆக்கியது. வேறெந்த வழியிலும் இந்த அரசுகளுக்கு இத்தகைய வருமானம் வந்திருக்காது. ஆகவே பயணியின் நடையையும் காவலின் நடையையும் பிரிப்பது ஏட்டளவில்தான் முடியும் என்பார்கள். பணத்தின் அவசியத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் கோயிலில் நந்தா விளக்கெரிக்க விட்ட நிலத்துக்கும் விளக்குக்கும் உள்ள உறவுதான் இது: நிலம் எவ்வளவு விளைந்தது என்பதை வைத்து விளக்கு எரிந்ததா என்று சொல்ல முடியாது. விளைச்சல் இல்லாத ஆண்டிலும் எரிந்தாக வேண்டும். 2020 மார்ச்சில் அப்படியோர் ஆண்டு வந்தது. பெருந்தொற்றால் மூன்று நாடுகளிலும் பூங்காக்கள் பயணிகளுக்கு மூடப்பட்டன. அந்த ஜூனில் பிவிண்டியின் நுகுரிங்கோ குழுத் தலைவன் ராஃபிக்கி ஈட்டி பாய்ந்து இறந்தது. சிறு விலங்கு வேட்டைக்குப் போனதாகச் சொன்னவருக்குப் பதினோராண்டுச் சிறை கிடைத்தது. சுற்றுலா நின்றதால் வேட்டை வந்தது என்பதற்கு இதை உதாரணமாக்கினார்கள். ஒரு சாவிலிருந்து அவ்வளவு பெரிய முடிவுக்குப் போவது சரியல்ல. வருமானம் இழந்த ஊர்கள் காட்டுக்குள் இறங்கின என்பது மட்டும் நம்பத்தக்கது. ஆனால் அதே நிகழ்ச்சியில் கவனிக்கத் தவறியது ஒன்றுண்டு. விலங்கைக் காணவில்லை என்று தெரிந்த மறுநாளே உடலைக் கண்டெடுத்தார்கள், சில நாளில் ஆளையும் பிடித்தார்கள். ஒரு பயணிகூட இல்லாத காட்டில், எண்ணும் வேலை நிற்காமல் நடந்துகொண்டிருந்ததால்தான் அது முடிந்தது. காங்கோ பக்கத்தில் 2018 மே முதல் 2019 பிப்ரவரி வரை பாதுகாப்புக் காரணத்தால் சுற்றுலா முடங்கியபோதும் காவலர்கள் காட்டை விடவில்லை.

இரண்டாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது: பழக்குவதே தீங்கு, பார்க்கவே போகாதீர்கள். இதிலும் பொருள் இருக்கிறது. ஒரு குழுவை மனிதருக்குப் பழக்கப் பொதுவாக இரண்டு ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் ஆகும். அதன்பின் அது மனிதரைக் கண்டு ஓடாது. துப்பாக்கியோடு வருபவரையும் அது மனிதராகத்தான் பார்க்கும். 2007 ஜூலையில் காங்கோவில் சுட்டுக் கொல்லப்பட்ட ருகெண்டோ குடும்பம் அப்படிப் பழக்கப்பட்டதே. நோய் இதைவிடப் பெரிய ஆபத்து. 2009-இல் ருவாண்டாவின் ஹிர்வா குழுவில் பரவிய சுவாசத் தொற்றில் விலங்குகள் இறந்தன. மாதிரிகளில் கிடைத்தது மனிதரிடம் காணப்படும் மெட்டாநியூமோ வைரஸ். இதைத் தடுக்கத்தான் அப்போது ஏழு மீட்டர் இடைவெளி என்ற விதி இருந்தது. ஆனால் அது காகிதத்தில்தான் இருந்தது. சாண்ட்புரூக்கும் செம்பிளும் 2006-இல் வெளியிட்ட பிவிண்டி அளவீட்டில், பயணிகளும் கொரில்லாவும் மிக நெருங்கிய தூரத்தின் சராசரி 2.76 மீட்டர். 2020-இல் வெளியான மற்றோர் ஆய்விலும் ஏறக்குறைய எல்லாச் சந்திப்புகளிலும் விதி மீறப்பட்டிருந்தது. எப்போதும் பயணியையே குறை சொல்ல முடியாது. குட்டிகள் தாமாகவே வந்து உரசிப் போகும். செங்குத்துச் சரிவில், புதருக்கு நடுவே, ஏழு மீட்டர் பின்வாங்க இடமிருக்காது. ஆனால் பின்வாங்க இடமிருக்கும்போதும் வழிகாட்டி ஏன் சொல்வதில்லை? அவருடைய மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அன்றைய டிப்ஸ் சின்னத் தொகை அல்ல. ஆயிரம் டாலர் கொடுத்து வந்தவரிடம் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லும் அதிகாரத்தை அரசு அவருக்குத் தந்திருக்கிறது. சொல்லாமல் இருப்பதற்கான கூலியைப் பயணி தருகிறார். பழக்கிவிட்ட விலங்கைக் கைவிடவும் முடியாது என்பதால், போகாதீர்கள் என்ற அறிவுரை இப்போதைக்குக் காலங்கடந்தது. ஒருமுறை பழக்கினால் அது நிரந்தரக் காவலுக்கான கடன். அந்தக் கடனை அடைப்பவர்கள் யார், அவர்களைக் கட்டிப்போடுவது எது என்பதுதான் கேட்க வேண்டியது.

இந்தச் சிக்கல் ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. தேனி மாவட்ட எல்லையை ஒட்டிய பெரியாறு புலிகள் காப்பகத்தில், காட்டுக்குள் புகுந்து வயணா என்ற காட்டு இலவங்கப் பட்டையை உரித்துக் கடத்தியவர்களையே 1990-களின் இறுதியில் வழிகாட்டிகளாக்கினார்கள். அங்கே பயணியின் நடையும் ரோந்தும் ஒன்றாகப் பின்னப்பட்டவை. பயணி உடன்வருவது ரோந்தில்தான். கொரில்லாக் காட்டில் அப்படிச் செய்ய முடியாது, விலங்குக்கு அருகே ஆள் எண்ணிக்கையைக் குறைப்பதே அங்கே பாதுகாப்பு என்பதால். ஆனால் பெரியாற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது: காட்டைத் திருடத் தெரிந்தவருக்குத்தான் காட்டைக் காக்கத் தெரிகிறது, அந்த அறிவுக்கு நிலையான கூலி கிடைத்தால்.

அந்த அறிவு பிவிண்டியில் யாரிடம் இருந்தது என்று கேட்டால் சுற்றுலாவின் கணக்கு மேலும் கறைபடுகிறது. 1991-இல் பிவிண்டியும், விருங்காவின் உகாண்டாப் பகுதியான முகஹிங்காவும் தேசியப் பூங்காக்களானபோது, அந்தக் காடுகளில் வேட்டையாடித் தேனெடுத்து வாழ்ந்த பத்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கொரில்லாவைத் தின்னாத, தடம் படிப்பதில் நிகரில்லாத சமூகம் அது. 2021-இல் உகாண்டாவின் அரசமைப்பு நீதிமன்றம் அவர்களுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் அவர்களில் சிலருக்குக் காட்டுக்குள் போகக் கிடைத்த வழி, பயணிகள் முன்னால் தீ மூட்டியும் கூட்டைக் காட்டியும் பழைய வாழ்க்கையை நடித்துக் காட்டும் ஒரு நடைப்பயணம். வருமானப் பங்கு இதற்கு ஈடாகுமா? ருவாண்டா 2005-இல் சுற்றுலா வருவாயில் 5 விழுக்காட்டைச் சுற்றுப்புற ஊர்களுக்கு ஒதுக்கியது. 2017-இல் அது 10 ஆனது. உகாண்டாவில் ஊருக்குப் போவது பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 விழுக்காடு. கொரில்லா அனுமதிச் சீட்டு அதைவிடப் பல மடங்கு பெரியது, அதிலிருந்து ஊருக்குப் பிரிந்து வருவதோ பத்து டாலர். பள்ளிக் கட்டடமும் தண்ணீர்த் தொட்டியும் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. நிலமற்ற பத்வாவுக்கு, நிலமுள்ள விவசாயியின் பயிரை யானை மிதித்ததற்கான உதவி எப்படிப் போய்ச் சேரும் என்பதை எந்தப் பங்கீட்டுத் திட்டமும் சொல்வதில்லை.

விலையை ஏற்றினால் கூட்டம் குறையும், தாங்கும் அளவுக்குள் நிற்கும் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் தீர்வு. ஒரு குழுவுக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம் என்ற வரம்பு இருப்பதால் அது நம்பத்தக்கதாகவும் தெரிகிறது. ஆனால் வரம்பு குழுவுக்குத்தான்; குழுக்களின் எண்ணிக்கைக்கு இல்லை. 1993-இல் பிவிண்டியில் சுற்றுலா தொடங்கியபோது பயணிகளுக்குக் காட்டப்பட்டது முபாரே என்ற ஒரே குழு. இன்று அங்கே பழக்கப்பட்ட குழுக்கள் இருபதைத் தாண்டிவிட்டன. விற்க வேண்டிய சீட்டு கூடும்போது ஒரு குழுவுக்குப் பதினாறு பேர் என்று யாரும் மாற்றுவதில்லை. இன்னொரு குழுவைப் பழக்குகிறார்கள். விதி ஒரு வரிகூட மாறாமலே நோய்த்தொற்றுக்குத் திறந்து கிடக்கும் விலங்குகளின் பங்கு வளர்கிறது. பழக்கப்படாமல் விடப்பட்டவை ஒரு பெருந்தொற்றில் இனத்துக்கு மிச்சமாகும் சேமிப்பு. அதைத்தான் இந்தக் கணக்கு சிறிது சிறிதாகச் செலவழிக்கிறது. ராபின்ஸ் குழுவின் தரவு, பழக்கப்படாத குழுக்கள் தேய்ந்ததைக் காட்டியதே, அப்படியானால் எல்லாவற்றையும் பழக்குவதுதானே முறை என்று கேட்கலாம். தேய்ந்தது பழக்காததால் அல்ல, அவற்றின் அருகே ஆள் போகாததால். நெருங்காமல் படுக்கையை எண்ணவும் சாணத்திலிருந்து மரபணு எடுக்கவும் கண்ணி பொறுக்கவும் முடியும். கணக்கெடுப்புகளே அந்த முறையில் நடப்பவைதான். அதற்குச் சீட்டு விற்க முடியாது என்பதுதான் தடை.

ஆகவே மாற்ற வேண்டியது இரண்டு இடங்களில். வழிகாட்டியின் வருமானம் அந்த நாளின் பயணியிடமிருந்து பிரிக்கப்பட வேண்டும். டிப்ஸ் முழுவதும் பொதுக் குடத்தில் விழுந்து, தடம் பார்ப்பவருக்கும் சுமை தூக்குபவருக்கும் சேர்த்து மாதமொருமுறை பிரியுமானால், விலகி நில்லுங்கள் என்று சொல்வதால் யாருக்கும் இழப்பில்லை. பயணிகள் கோபித்துக்கொண்டு வராமல் போவார்கள் என்ற பழைய பயத்துக்கும் பதில் கிடைத்துவிட்டது. காங்கோவில் பெருந்தொற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே முகக்கவசம் கட்டாயம். ருவாண்டாவும் உகாண்டாவும் அதைத் தயங்கித் தள்ளியே வந்தன. 2020-இல் திறந்தபோது அந்த இரு நாடுகளிலும் கவசம் கட்டாயமானது, இடைவெளி பத்து மீட்டராக்கப்பட்டது. பெருந்தொற்று தணிந்ததும் பயணிகள் திரும்பி வந்தார்கள். இரண்டாவது மாற்றம் கடினமானது: எத்தனை குழுக்கள்வரை பழக்கலாம் என்ற உச்ச வரம்பை, சீட்டு விற்கும் துறையின் கையிலிருந்து எடுத்து, மூன்று நாடுகளும் சேர்ந்த ஓர் அமைப்பிடம் கொடுப்பது. கொரில்லாக்கள் எல்லை தாண்டி நடப்பதால் மூன்று நாடுகளுக்கும் அப்படியோர் ஒப்பந்த அமைப்பு ஏற்கெனவே உண்டு. சீட்டு வருமானத்தில் கை வைக்கும் அதிகாரம் மட்டும் அதற்கு இல்லை.