தகடு அவங்களோடது, கை நம்மளோடது: திருச்சி பட்டறைகளின் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை ஒரு பிளாஸ்டிக் ஃபைலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

திருவெறும்பூரில் என் மாமா வீட்டு பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் மேலே அந்த ஃபைல் இருக்கும். உள்ளே அவருடைய வெல்டர் சான்றிதழ்கள். மாமா துவாக்குடியில் ஒரு ஷெட்டில் 19 வருஷம் வெல்டராக இருந்தார். 2016 கடைசியில் அந்த ஷெட்டை மூடிட்டாங்க. மூணே மாசத்தில் மாமா அந்த ஃபைலை எடுத்துக்கிட்டு அபுதாபி போயிட்டார். ஆனா அவருக்கும் இன்னும் நாற்பது பேருக்கும் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த ஷெட் முதலாளி? மெஷின்களை விற்றார், கடனை அடைத்தார், வீட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

அப்போ நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். எனக்குப் புரியவே இல்லை. தொழிலாளிக்கு உடனே வேலை கிடைக்குது, முதலாளிக்கு ஏன் ஒரு ஆர்டர் கூடக் கிடைக்கல? இதற்குப் பதில் தேடிப் போனால், கதை கல்கத்தாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டுத்தான் திருச்சிக்குத் திரும்பி வருது. வாங்க, போவோம்.

முதல்ல, தகடுன்னா என்ன?

ஃபேப்ரிகேஷன் தொழிலில் ஷீட் வேற, பிளேட் வேற. பொதுவாக 5 மில்லிமீட்டருக்குக் குறைவான தடிமன் என்றால் ஷீட். உங்க வீட்டு பீரோ அது. அதற்கு மேல் போனால் பிளேட், அதாவது கனத்த தகடு. பாய்லர், கப்பல், பாலம், எண்ணெய் டேங்க் எல்லாம் இதில்தான்.

6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தகட்டை நினைச்சுக்கோங்க. எடை 942 கிலோ. ஒரே ஒரு தகடு, கிட்டத்தட்ட ஒரு டன். அதனால இந்தத் தொழிலில் எல்லாக் கணக்கும் டன் கணக்குதான். ஒரு தகட்டைக் குறி போட்டு, கேஸ் கட்டிங்கில் வெட்டி, விளிம்பைச் சாய்வாகச் சீவி, பக்கத்துத் தகட்டோடு சேர்த்து டேக் வைத்து, முழுசாக வெல்டிங் பண்ணி, சூட்டில் கோணிப்போனதை நிமிர்த்தி, சோதனை பண்ணி, பெயின்ட் அடித்து லாரியில் ஏற்ற வேண்டும். இதுக்கு டன்னுக்கு இவ்வளவு என்று ரேட். இந்த 'டன்னுக்கு இவ்வளவு' என்பதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி திரும்ப வருவோம்.

வெடித்த பாய்லர்களும் எழுதப்பட்ட விதிகளும்

19-ஆம் நூற்றாண்டில் தகடுகளைச் சேர்க்க வெல்டிங் கிடையாது. ரெண்டு தகட்டிலும் துளை போட்டு, பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டைச் செருகி, மறுபக்கம் அடித்துத் தட்டையாக்குவார்கள். நீராவி பாய்லர்கள் அப்படித்தான் செய்யப்பட்டன. வெடிக்கவும் செய்தன.

1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து 1864-ல் வங்காளத்தில் பாய்லர்களைச் சோதனையிடச் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே, 1865 ஏப்ரல் 27 அன்று, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்ற நீராவிப் படகின் பாய்லர்கள் வெடித்தன. போர்க் கைதிகளாக இருந்து விடுதலையாகி வீடு திரும்பிக்கொண்டிருந்த சிப்பாய்கள் அதில் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1905-ல் மாசசூசெட்ஸின் பிராக்டன் நகரில் ஒரு ஷூ தொழிற்சாலையின் பாய்லர் வெடித்து 58 பேர் பலி.

இப்படிப் பல வருஷம் ஆட்களைப் பறிகொடுத்த பிறகு, அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் தன் முதல் பாய்லர் விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. அதன் பெயர் 1914 பதிப்பு. அந்தச் சங்கத்தின் பெயரைச் சுருக்கி 'ஏ.எஸ்.எம்.இ. கோடு' என்று துவாக்குடி டீக்கடையில் இன்றும் பேசுவாங்க. இந்தியாவில் 1923-ல் பாய்லர் சட்டம், 1950-ல் அதற்கான விரிவான ஒழுங்குமுறைகள். அந்த 1923 சட்டம் நூறு வருஷத்துக்கு மேல் ஓடி, 2025-ல்தான் அதன் இடத்துக்குப் புதுச் சட்டம் வந்தது.

இந்த விதிகள் செய்த முக்கியமான வேலை என்ன? 'இவர் நல்ல வேலைக்காரர், எனக்குத் தெரியும்' என்ற வாய்வார்த்தைக்குப் பதிலாக ஒரு பரீட்சையைக் கொண்டுவந்தன. எந்தத் தகடு, எந்த ராட், எவ்வளவு சூடு, யார் கை, எல்லாம் காகிதத்தில். அந்தக் காகிதத்தை வேறொரு நாட்டில் இருப்பவரும் படித்து நம்பலாம். மாமாவோட ஃபைலின் ஆரம்பம் இங்கதான் இருக்கு.

ரெண்டாக உடைந்த கப்பல்

ரெண்டாம் உலகப் போர் வெல்டிங்கை மேலே தூக்கிவிட்டது. 1941-லிருந்து 1945 வரை அமெரிக்கா 2,710 லிபர்ட்டி சரக்குக் கப்பல்களைக் கட்டியது. ரிவெட் அடித்திருந்தால் இந்த வேகம் நடந்திருக்காது. தகடுகளைத் தனித்தனிப் பகுதிகளாக வெல்டிங் பண்ணி, கடைசியில் சேர்த்தார்கள். ராபர்ட் பியரி என்ற கப்பலை ஐந்து நாள் முடியும் முன்னே கட்டி, 1942 நவம்பரில் தண்ணீரில் இறக்கினார்கள்.

ஆனால் 1943 ஜனவரி 16 அன்று, போர்ட்லாந்து நகரில் ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல், கரையில் கட்டப்பட்டு நின்ற இடத்திலேயே பெரிய சத்தத்தோடு கிட்டத்தட்ட ரெண்டாகப் பிளந்தது. புயல் இல்லை, குண்டு இல்லை. குளிர் மட்டும்தான். எல்லோரும் வெல்டர்களைத்தான் கைகாட்டினார்கள். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி ஆராய்ந்தபோது வேறு ஒன்று தெரிந்தது: அந்தக் கப்பல்களின் எஃகு குளிரில் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடுகிறது. ரிவெட் கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் விளிம்போடு பெரும்பாலும் நின்றுவிடும். வெல்டிங் கப்பலில் எல்லாம் ஒரே தகடு மாதிரி. விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதிலிருந்து தொழில் கற்ற பாடம்: கை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, தகட்டின் குணமும் தெரியணும். எஃகைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், வடிவமைப்பவர் ஒருவர், ஒட்டுபவர் ஒருவர் என்று அறிவு பிரிந்து கிடந்தால் ஆபத்து. இதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. இப்போ திருச்சிக்கு வந்துடலாம்.

திருச்சி

இரும்பு வேலை திருச்சிக்குப் புதுசு இல்லை. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பட்டறை 1920களின் கடைசியில் பொன்மலைக்கு வந்தது. நீராவி எஞ்சின் என்றாலே சக்கரம் வைத்த பாய்லர்தானே. ஊட்டி மலை ரயிலுக்கு இந்த நூற்றாண்டிலும் புது நீராவி எஞ்சின் செய்து கொடுத்தது இதே பொன்மலைதான்.

பிறகு செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு, திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்த பாய்லர் ஆலை வந்தது. 1965-லிருந்து உற்பத்தி. 1964-ல் துவாக்குடியில் மண்டலப் பொறியியல் கல்லூரி, அதாவது இன்றைய என்.ஐ.டி. 1975-ல் ஐ.நா. அமைப்பின் உதவியோடு வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் ஒரே சாலையில் ஆலை, கல்லூரி, ஆராய்ச்சிக் கூடம் மூணும். இந்தியாவில் வேறு எத்தனை ஊருக்கு இது வாய்த்தது சொல்லுங்க?

500 மெகாவாட் அலகுக்கான பாய்லர் இருபது மாடிக் கட்டடத்தை விட உயரம். அதன் தூண்கள், உத்தரங்கள், புகைக்குழாய்கள், காற்றுக்குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே ஆலைக்குள் செய்ய முடியாது. அதனால் துவாக்குடியிலும், புதுக்கோட்டை மாவட்டப் பக்கம் மாத்தூரிலும் நூற்றுக்கணக்கான துணைப் பட்டறைகள் முளைத்தன. ஆலையில் வேலை கற்றவர்கள், ஐ.டி.ஐ. முடித்தவர்கள், கொஞ்சம் நிலம் விற்ற விவசாயிகள் என்று பலரும் முதலாளி ஆனார்கள். ஒரு பொதுத்துறை ஆலை ஒரு ஊருக்கே தொழில் கற்றுக்கொடுத்தது. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் ஏற்பாடு எப்படி இருந்தது? பெரும்பாலும் ஜாப் ஒர்க். தகட்டை வாங்குபவரே கொடுப்பார். வரைபடமும் அவருடையது. சோதனை செய்பவரும் அவர் அனுப்புபவர். வெட்டி மீந்த இரும்புக்கும் கணக்கு ஒப்படைக்கணும். பட்டறைக்குக் கிடைப்பது டன்னுக்கு இவ்வளவு கூலி. மாமா இதை ஒரே வரியில் சொல்வார்: "தகடு அவங்களோடது மாப்ள, கை மட்டும்தான் நம்மளோடது."

நல்லா யோசிச்சா இது ஒரு வசதி. தகடு வாங்க முதலீடு வேணாம். எஃகு விலை ஏறினா நஷ்டம் இல்லை. ஆர்டர் தேடி அலைய வேணாம். முப்பது நாற்பது வருஷம் இது நன்றாகவே ஓடியது. கூடவே இன்னொன்றும் நடந்தது. எஃகு எங்கே வாங்குவது, எப்படி வடிவமைப்பது, வெளியூரில் போய் எப்படி விலை சொல்வது என்பதைப் பல பட்டறைகள் கற்றுக்கொள்ளவே இல்லை. கற்க வேண்டிய தேவையும் வரவில்லை.

ஆர்டர் நின்றபோது

2000களின் கடைசியில் இந்தியா ஏகப்பட்ட அனல்மின் நிலையங்களைக் கட்டியது. துவாக்குடியில் இரவு ஷிப்ட் ஓடாத ஷெட் அபூர்வம். வங்கிகள் கடன் கொடுத்தன. பட்டறைகள் கிரேன் வாங்கின, புது ஷெட் போட்டன.

பிறகு ஒன்றன் மேல் ஒன்றாக அடி. பாய்லர் சந்தையில் சீன இறக்குமதியும் உள்நாட்டுப் புதுப் போட்டியாளர்களும் வந்தார்கள். 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. தனியார் மின் திட்டங்கள் பல பாதியில் நின்றன. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் சூரிய மின்சாரம் யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போனது. புது அனல்மின் நிலையம் கட்ட யாருக்கு மனசு வரும்?

மாமாவின் ஷெட்டுக்கு வேலை நேரடியாக வரவில்லை. நடுவில் ஒரு தனியார் ஒப்பந்தக்காரர், பெயர் தேவையில்லை. முடித்துக் கொடுத்த வேலைக்கே அவர் மாசக்கணக்கில் பணம் தரவில்லை. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரணும் என்று 2006 சட்டம் சொல்கிறது. ஆனால் இருக்கிற ஒரே வாடிக்கையாளர் மேல் புகார் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் யாரிடம் வேலை கேட்பது? முதலாளி புகார் கொடுக்கவில்லை. வங்கித் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில்

இப்போ என் பழைய கேள்விக்கு வரேன். மாமாவோட சான்றிதழ் உலகம் முழுக்கச் செல்லும். 45 டிகிரி சாய்வில் நகராமல் மாட்டிய குழாயைச் சுற்றி வந்து வெல்டிங் பண்ணும் பரீட்சைக்கு '6ஜி' என்று பெயர். அது துவாக்குடியிலும் அபுதாபியிலும் ஒன்றுதான். மறுபடி பரீட்சை வைத்தாலும் அவர் பாஸ் பண்ணுவார். முதலாளியிடம் இருந்த அங்கீகாரமோ ஒரு வாடிக்கையாளரின் பட்டியலில் ஒரு வரி. அந்தப் பட்டியலுக்கு வெளியே அவர் யாரோ ஒருவர். வெல்டரின் கைக்குப் பொது விதி சாட்சி சொன்னது. ஷெட்டுக்குச் சாட்சி சொல்ல யாருமில்லை.

எல்லோரும் மூடவில்லை. ரயில்வே பாலம், காற்றாலைக் கோபுரம், சிமென்ட் ஆலை வேலைகளுக்கு மாறியவர்கள் தாக்குப்பிடித்தார்கள். அதற்கு அவர்கள் செய்தது, தகட்டைத் தாங்களே வாங்கிக் கணக்குப் பார்க்கக் கற்றது, வரைபடம் போட ஆள் வைத்தது, பொதுவான தரச் சான்றிதழ்களைத் தங்கள் பெயரில் எடுத்தது. கடினமான வேலைதான். கூலி வாங்குவதிலிருந்து விலை சொல்வதற்கு மாறுவது சாதாரணமில்லை.

இப்போது காற்று கொஞ்சம் மாறியிருக்கு. 2018-ல் அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் திருச்சியும் ஒரு மையம். 2031-32-க்குள் 80,000 மெகாவாட் அளவுக்குப் புது அனல்மின் நிலையங்கள் தேவை என்று மத்திய அரசு சொல்லியிருந்தது. ஷெட்டுகளில் மறுபடி நெருப்புப் பொறி பறக்கிறது. எனக்கு சந்தோஷம்தான். கூடவே ஒரு பயமும்: பழைய வசதியும் அப்படியே திரும்பி வந்துடுமோ?

கடைசியா ஒன்று. அந்த ஏ.எஸ்.எம்.இ. விதியில் ஒரு சின்ன வரி இருக்கு. ஒரு வெல்டர் தான் தேர்ச்சி பெற்ற முறையில் ஆறு மாசம் வேலை செய்யாமல் இருந்தால் அந்தத் தகுதி காலாவதி. போன பொங்கலுக்கு மாமாகிட்ட இதைக் கேட்டேன். "ஆமா மாப்ள, கை மறந்துடும்ல" என்றார். பிறகு, "ஓனர் சாரோட மகன் இப்ப சின்னதா ஒரு ஷெட் எடுத்திருக்கான். வெல்டிங் நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். தகடு மட்டும் நீயே உன் காசுல வாங்குடான்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்க ஊர்ல இப்படி ஒரே வாடிக்கையாளரை நம்பி இருக்கும் தொழில் எதுன்னு யோசிச்சு வையுங்க.