ஒத்தைச் சுரம்

“ஒரே சுரத்துல நின்னு கத்துறதுக்குப் பேரு பாட்டா?”

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது வகுப்பில் ஓர் ஆசிரியர் கேட்டார். பேச்சு ஒப்பாரி பற்றி. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஊர் ஊராகப் போய் ஒப்பாரி பாடிய ஆயாவின் பேத்தி நான் என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. அந்தச் சிரிப்புக்குப் பதில் எழுத எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வந்தபிறகு எங்கள் காலனி ஆட்கள் கழனியை விட்டு உருக்காலைக்கும் ரோலிங் மில்லுக்கும் போனார்கள். பெரும்பாலும் காண்ட்ராக்ட் வேலை. அப்படிப் போன பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு நைட் ஷிப்டில் செத்துப்போனார். மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து பொணம் வந்தது. பின்னாலேயே காண்ட்ராக்டரின் ஆள் ஒருவர் காகிதத்தோடு வந்தார். அண்ணி கையெழுத்துப் போட்டால் அடக்கச் செலவுக்குப் பணம். அத்தோடு விஷயம் முடிந்தது.

ஆயா தலைமாட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்தாள். இறங்கவே இல்லை. புள்ள எத்தனை மணிக்கு வேலைக்குப் போனான், தூக்கில் என்ன சோறு கொண்டு போனான், கைக்கு உறை கேட்டானே குடுத்தாங்களா, இரும்பு காயுற இடத்துக்கு ரப்பர் செருப்போடதானே போனான் – எல்லாத்தையும் அந்த ஒத்தைச் சுரத்துலயே அடுக்கினாள். மூச்சு தீருகிற இடத்தில் மட்டும் குரல் உடைந்து கீழே விழும். சுற்றி உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டிருந்த பொம்பளைங்க அந்த இடத்தை வாங்கிக்கொள்வார்கள். மறுபடி அதே சுரம். காகிதக்காரர் மூணு தடவை வாயைத் திறந்தார். பேச இடமில்லை. கடைசியில் அண்ணி எழுந்து, “இப்ப நான் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன்” என்றாள். சங்கத்து ஆட்கள் வந்தபிறகுதான் பேச்சுவார்த்தை நடந்தது.

அந்தச் சுரம் என்ன செய்தது? மெட்டு ஏறி இறங்கினால் காது மெட்டின் பின்னால் போய்விடும். மெட்டு ஒரே இடத்தில் நின்றுவிட்டால் காதுக்குப் போக்கிடம் இல்லை. சொல்லைத்தான் கேட்க வேண்டும். அடுத்து மாறும், இப்போது மாறும் என்று மனசு காத்திருக்கிறது. மாறாததால் இறுக்கம் கூடுகிறது. கடைசியில் குரல் விழும்போது கேட்கிறவனும் சேர்ந்து விழுகிறான். இது தெரியாமல் நடப்பதல்ல. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த வித்தை.

பிரேசில் நாட்டில் ‘ஒற்றைச் சுர சம்பா’ என்றே ஒரு பாட்டு இருக்கிறது. ஜோபிமும் மென்டோன்சாவும் சேர்ந்து உருவாக்கியது. 1960இல் ஜோவாவ் ஜில்பெர்டோ பாடி இசைத்தட்டாக வந்தது. மெட்டு ஒரே சுரத்தில் நிற்க, அடியில் கிதாரின் ஒலிகள் மட்டும் மாறிக்கொண்டே போகும். உலகம் அதை மேதைமை என்று கொண்டாடியது. கொண்டாடட்டும். ஆனால் அந்தச் சம்பாவே ரியோ நகரத்து ஏழைக் கறுப்பு மக்களிடமிருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பாடியவர்களைப் போலீஸ் விரட்டியது. படித்தவர்கள் கைக்கு வந்தால் மேதைமை, எங்க ஆயா வாயிலிருந்து வந்தால் கத்தல்.

இங்கேயும் மேடை இசை ஒத்தைச் சுரத்தின் மேல்தான் நிற்கிறது. நாதசுரத்தோடு ஒத்து என்று ஒரு குழல் உண்டு. அதில் ராகம் கிடையாது. கச்சேரி முடியும்வரை ஒரே சுரத்தை அறுபடாமல் ஊதவேண்டும். அந்தச் சுரம் இல்லாவிட்டால் ராகத்துக்குத் தரையே இல்லை. ஆனால் ஊதுகிறவருக்குப் பெயர் உண்டா? ‘ஒத்து ஊதுறவன்’ என்பது தமிழில் வசைச்சொல். பிறகு சுருதிப்பெட்டி வந்து பல இடங்களில் அந்த ஆளே வேண்டாம் என்றாக்கியது. தம்புராக்காரரும் பாடகருக்குப் பின்னால்தான். தாங்குகிறவன் பின்னால், ஆடுகிறவன் முன்னால் – இது இசைக்கு மட்டுமான ஒழுங்கா என்ன?

1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. தமிழில் பாடு என்றது. நியாயமான கோரிக்கை. ஆனால் மேடையில் பாஷை மாறிய அளவுக்கு மேடையில் இருக்கும் ஆள் மாறவில்லை. சாவு வீட்டுப் பாட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றது. தொல்காப்பியம் பறையைக் கருப்பொருளில் ஒன்றாக வைக்கிறது என்றும், புறநானூற்று 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைச் சொல்கிறது என்றும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோம். அந்தப் பறை எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது.

ஏன் பரணில் கிடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தோலை வைக்கோல் தீயில் காய்ச்சி, ஒரு கையில் மூங்கில் சிண்டுக்குச்சி, மறுகையில் கட்டையான அடிக்குச்சி என்று தாத்தா அடித்தது ஊர்த்தெருச் சாவுகளுக்கு. அது கலை என்று ஒருத்தரும் கூப்பிடவில்லை. அடிமை ஊழியமாகத்தான் கூப்பிட்டார்கள். ஒருநாள் ‘இனிமே வரமாட்டேன்’ என்று பரணில் போட்டார். இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் எத்தனையோ சேரிகள் இப்படிப் பறையடிக்க மறுத்து, அதற்காக அடியும் பட்டிருக்கின்றன. மறுத்ததும் நம் இசை வரலாறுதான். ‘மரபு, மரபு’ என்று உருகுகிற நண்பர்கள் இதை மறக்கக்கூடாது. 1990களில் தலித் கலை விழாக்களிலும், திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்களின் கைகளிலும் பறை திரும்ப ஒலித்தபோது, அது யாரும் ஏவி அடித்த அடியல்ல. தோல் ஒன்று, குச்சி ஒன்று, கை மட்டும் வேறு. அண்ணன் செத்த அன்று தாத்தா பரணிலிருந்து பறையை இறக்கினார். யாரும் கூப்பிடவில்லை. தானாக இறக்கினார்.

கும்மிடிப்பூண்டி எலக்ட்ரிக் ட்ரெயினில் ஏறிப் பாருங்கள். கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று வருகிற அந்த வண்டியில்தான் வடசென்னையின் கானா எங்கள் ஊருக்கு வந்தது. காலேஜ் பசங்க பெட்டியின் தகரத்தைத் தட்டிக்கொண்டு பாடுவார்கள். வரி முழுக்க ஒரே சுரத்தில் ஓடும். முடிகிற இடத்தில்தான் இறங்கும். ஆயாவின் ஒப்பாரி போகிற அதே வழி. ஆச்சரியமில்லை. கானாவும் சாவு வீட்டுக்கு முன்னால் ராத்திரி முழுக்க முழித்துக்கொண்டு பாடியதுதான். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடை ஏறியது. கானாவும் கறுப்பின மக்களின் ராப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் சுரத்தை அதிகம் அசைக்காமல் சொல்லை ஓட விடுபவை. 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. சபாக்களின் மாசமாக இருந்த மார்கழியில் ஒப்பாரிக்கும் பறைக்கும் மேடை கிடைத்தது.

மேடை கிடைத்ததால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. காண்ட்ராக்ட் வேலை இன்னும் இருக்கிறது. காகிதத்தோடு வருகிற ஆட்களும் இருக்கிறார்கள். ஆயாதான் இல்லை. அவள் பாடியதை நாங்கள் பதிவு செய்யவில்லை. அந்தக் குற்றம் எங்களுடையது. உங்கள் ஊரில் அப்படி ஒரு கிழவி இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள். எழுதிவையுங்கள்.

அந்த ஆசிரியருக்கு இப்போது பதில் சொல்லலாம். ஆமாங்க சார், அதுக்குப் பேரு பாட்டுதான். நாங்க அந்தச் சுரத்தை விட்டு இறங்காததுக்குக் காரணம், நாங்க கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை.