மெதடிஸ்த சபையின் தோற்றமும் கொள்கையும்

ஒரு சமயத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர், அச்சமயத்தார் நூல்களில் எழுதிவைத்த கொள்கையை மட்டும் நோக்கி அமைதல் சாலாது. அக்கொள்கை அவர்தம் ஒழுக்கத்தில் எத்துணை நிலைபெற்றது, எவ்விடத்து நில்லாது வழுவியது என்பதனையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். கொள்கை வித்தெனின், ஒழுக்கம் அதன் விளைவாம். விளைவு கண்டே வித்தின் இயல்பையும் நிலத்தின் இயல்பையும் உணர்தல் கூடும். இம்முறை பற்றி, 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிப் பல நாடுகளினும் பரவிய மெதடிஸ்த சபையின் வரலாறு ஈண்டுச் சுருக்கி உரைக்கப்படும். இறைவன் திருவருள் எல்லார்க்கும் உரியதோ, சிலர்க்கே உரியதோ என்னும் வினா, இச்சபையின் வரலாறு முழுவதினும் ஊடுருவிச் செல்லும் இழையாதலை அறிஞர் காண்பர்.

1517-ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டில் மார்ட்டின் லூதர் என்பார் உரோமைச் சபையின் சில வழக்கங்களை மறுத்து எழுந்த காலந்தொட்டுக் கிறிஸ்து சமயத்தில் புரோட்டஸ்டண்டு என்னும் பிரிவு கிளைப்பதாயிற்று. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னன், 1534-இல் போப்பரசரின் ஆணையை விலக்கித் தன்னையே சபைக்குத் தலைவனாக்கிக் கொண்டான். அவ்வாறு அமைந்த இங்கிலாந்து திருச்சபை நாளடைவில் அரசின் ஓர் உறுப்புப் போலாயிற்று. நாடு பழைய எல்லைப்படியே சேகரங்களாக வகுக்கப்பட்டு, அவ்வச் சேகரத்திற்கு உரிய கோயிலும் குருவும் அமைந்திருந்தமையின், நிலக்கரிச் சுரங்கங்களும் தொழில்களும் பெருகி மக்கள் புதிய இடங்களிற் சென்று குழுமியபோது, அவர்களை நாடிச் சென்று உபதேசிப்பார் அரியராயினர். கோயில்களிலோ, நன்னடக்கை பற்றிய அறிவுரை மிகுந்து, உள்ளத்தை உருக்கும் உபதேசம் அருகி வந்தது.

இந்நிலையில், 1703-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17-ஆம் நாள், லிங்கன்ஷயர் நாட்டு எப்வொர்த் என்னும் சிற்றூரில், அவ்வூர்க் குருவாகிய சாமுவேல் வெஸ்லி என்பார்க்கும் சூசன்னா அம்மையார்க்கும் ஜான் வெஸ்லி என்பார் பிறந்தனர். அம்மையார் பத்தொன்பது மக்களைப் பெற்றவர். எஞ்சியிருந்த மக்களுக்குத் தாமே கல்வியும் ஒழுக்கமும் பயிற்றியவர். 1709-இல் ஓரிரவு அவர் மனை தீப்பற்றி எரிந்தது. ஐந்து வயதினராகிய ஜான் மாடியில் தனியே அகப்பட்டுக்கொள்ள, கீழே நின்றாருள் ஒருவர் மற்றொருவர் தோள்மீதேறிச் சாளரத்தின் வழியே அவரைக் காத்தனர். எரியினின்று பறித்தெடுக்கப்பட்ட இப்பிள்ளை ஏதோ ஓர் இறைபணிக்கு உரியது என்னும் எண்ணம் தாயார் உள்ளத்து வேரூன்றியது. மகனாரும் அதனை வாழ்நாள் முழுதும் மறந்திலர்.

ஜான், ஆக்ஸ்போர்டில் கற்றுத் தேர்ந்து, 1726-இல் அங்கு லிங்கன் கல்லூரியில் ஆசிரியப் பதவி பெற்று, 1728-இல் குருப்பட்டமும் எய்தினர். 1729-இல் இவர் தம்பியாராகிய சார்லஸ் வெஸ்லி சில மாணவரைச் சேர்த்து ஒரு சிறு கூட்டம் அமைத்தார். நாள்தோறும் வேதநூல் ஓதுதல், குறித்த வேளையில் செபித்தல், வாரந்தோறும் நற்கருணை பெறுதல், நோன்பு நோற்றல், சிறையிலுள்ளாரைச் சென்று காண்டல், வறியார்க்கு உதவுதல் என்பன இக்கூட்டத்தார் மேற்கொண்டவை. ஜான் இதற்குத் தலைவராயினார். எல்லாவற்றையும் முறை வகுத்துச் செய்தமையின், பிற மாணவர் இவர்களை 'மெதடிஸ்த' என்று எள்ளி நகையாடினர். மெதட் என்பது ஆங்கிலத்தில் முறை எனப் பொருள்படும். இகழ்ச்சியாக இட்ட பெயரே பின்னர்ச் சபைக்குச் சிறப்புப் பெயராய் நின்றது.

இத்துணை முறையொடு ஒழுகியும் ஜான் வெஸ்லிக்கு உள்ளத்தில் அமைதி பிறந்திலது. 1735-இல் அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியா நாட்டிற்குப் போதகராய்க் கப்பலேறினர். இடைக்கடலில் பெரும்புயல் தாக்கிப் பாய்மரச் சீலை கிழிந்து, பிறரெல்லாம் அலறிய வேளையில், உடன்வந்த மொரேவியர் என்னும் ஜெர்மானிய அடியார் மகளிரும் மக்களுமாய்க் கூடி அச்சமின்றித் தோத்திரம் பாடிக்கொண்டிருந்தனர். கற்றுத் துறைபோய குருவாகிய தமக்கு இல்லாத துணிவு கல்லாத அவர்க்கு யாண்டிருந்து வந்தது என்று வெஸ்லி நாணினர். ஜார்ஜியாவில் மேற்கொண்ட பணியும் பயன்படாது ஒழிய, 1738-இல் மீண்டனர். அவ்வாண்டு மே மாதம் 24-ஆம் நாள் மாலை, இலண்டன் மாநகரில் ஆல்டர்ஸ்கேட் தெருவிற் கூடிய ஒரு சிறு கூட்டத்திற்கு மனமின்றியே சென்றார். அங்கொருவர் உரோமருக்கு எழுதிய நிருபத்திற்கு லூதர் வரைந்த முன்னுரையைப் படித்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்த வெஸ்லிக்கு உள்ளம் வெதுவெதுப்புற்றது போன்றதோர் உணர்ச்சி தோன்றியது. தம் வினையால் அன்றிக் கிறிஸ்துவின் அருளாலேயே தாம் மீட்கப்பட்டமை அப்போது தெளிந்ததாகத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தனர். மெதடிஸ்தர் அந்நாளை இன்றும் போற்றுகின்றனர்.

இவர்க்கு ஆக்ஸ்போர்டில் நண்பராய் வாய்த்தவர் ஜார்ஜ் விட்பீல்ட் என்பவர். குளோஸ்டர் நகரில் ஒரு சத்திரக்காரர் மகனாய்ப் பிறந்து, செல்வ மாணவர்க்கு ஏவல் செய்து கற்றவர். நாவன்மையில் அக்காலத்து ஒப்பாரில்லாதவர். கோயில்கள் பல தமக்குக் கதவடைத்தமையின், 1739-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரிஸ்டலை அடுத்த கிங்ஸ்வுட் என்னுமிடத்துச் சுரங்கத் தொழிலாளர்க்கு வெட்டவெளியில் நின்று பிரசங்கம் செய்தார். கரி படிந்த அவர் முகங்களிற் கண்ணீர் வழிந்தோடிய தடம் வெள்ளிய கோடுகளாய்த் தோன்றியது என்பர். அவர் வெஸ்லியையும் அழைத்தார். கோயிலுக்குப் புறம்பே ஆன்மாக்களை இரட்சிப்பதுதானும் ஏறக்குறையப் பாவம் என்று கருதியிருந்த வெஸ்லி, முதலில் தயங்கி, பின்னர் ஏப்ரல் 2-ஆம் நாள் பிரிஸ்டலில் திறந்த வெளியில் நின்று உபதேசிக்கத் தொடங்கினார். அன்று தொடங்கிய பணி ஐம்பது ஆண்டுகட்கு மேல் நடந்தது. குதிரைமீது அவர் சென்ற வழி 2,50,000 மைல் என்றும், செய்த பிரசங்கம் 40,000 என்றும் கணக்கிடுவர்.

பிரசங்கங் கேட்டு உருகினோர் மறுநாளே பழைய நெறிக்கு மீளாவண்ணம் காத்தற்கு வெஸ்லி கண்ட வழியே இச்சபையின் நிலைபேற்றிற்குக் காரணமாயிற்று. அது தோன்றிய வரலாறு வியப்புடைத்து. பிரிஸ்டலிற் கட்டிய கூடத்தின்மேல் இருந்த கடனைத் தீர்த்தற்கு 1742-இல் அன்பர் கூடி ஆராய்ந்தபோது, ஒருவர், ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தருக என்றார். வறியார் பலர் அதற்கும் ஆற்றார் என்று மற்றொருவர் கூற, முன் சொன்னவரே, "பதினொருவரை என்பால் விடுக, தரமாட்டாதார் பங்கை யானே தருவல்" என்னும் கருத்துப்பட உரைத்தார். இவ்வாறு பன்னிருவர் கொண்ட வகுப்புகள் அமைந்தன. காசு வாங்குவதற்கு இல்லந்தோறும் சென்ற தலைவர், ஆண்டுள்ளார் குடியிலும் பூசலிலும் துயரிலும் உழல்வதைக் கண்டுவந்து கூறினர். உடனே வெஸ்லி, காசுக்கு வகுத்த வகுப்பை ஒழுக்கக் காவலுக்கு உரியதாக்கினார். தீங்கு செய்யாமை, இயன்ற நன்மை செய்தல், வேதம் ஓதல் முதலிய இறைவழிபாட்டு நெறிகளில் நிற்றல் என்னும் மூன்றும் 1743-இல் வெளியிட்ட பொதுவிதிகளாம். உட்புக விரும்புவார்க்கு வேண்டிய தகுதியோ, பாவத்தினின்று நீங்கவேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே. பெண்டிரும் வகுப்புத் தலைவராயினர்.

குருப்பட்டம் பெறாத ஒருவர் பிரசங்கம் செய்யத் தொடங்கியபோது வெஸ்லி வெகுண்டு அதனைத் தடுக்க விரைந்தார். தாயார் சூசன்னா, முதலில் அவர் உரையைக் கேட்டு, அதனால் விளையும் பயனையும் ஆராய்ந்து பின் முடிவு செய்க என்று அடக்கினர். கேட்ட வெஸ்லி இசைந்தார். கொல்லரும் கொத்தரும் சுரங்கத் தொழிலாளரும் உபதேசியாராக எழுந்தமைக்கு அத்தாயின் சொல்லே வழி திறந்தது.

இனிக் கொள்கை கூறப்படும். திரித்துவம், கிறிஸ்துவின் அவதாரம், ஞானஸ்நானமும் நற்கருணையும் ஆகிய இரு திருச்சடங்குகள் என்பவற்றில் மெதடிஸ்தர் இங்கிலாந்து திருச்சபையோடு ஒத்தவரே. அவர் அழுத்தி உரைப்பன வேறு சில. மனிதர் யாவரும் சென்மபாவத்தாற் கட்டுண்டவர். தம் ஆற்றலால் இறைவன்பால் திரும்ப மாட்டார். ஆயினும், எவர் உள்ளத்தும் அவர் அறியுமுன்னரே இறைவன் அருள் வந்து நின்று எழுப்புகின்றது. இதனை முந்துறும் கிருபை என்பர். அதற்கு இசைந்து விசுவாசிப்பவன், தன் நற்செயலால் அன்றி அவ்விசுவாசத்தாலேயே நீதிமானாக ஏற்கப்படுகிறான். அவன் மன்னிப்புற்றமைக்குத் தூய ஆவியே உள்ளிருந்து சான்று பகரும். அதன்பின் அவன் நாளும் தூயனாகி, இறைவன்பாலும் பிறர்பாலும் வைத்த அன்பே உள்ளம் முழுதும் நிரம்பும் நிலையை இம்மையிலேயே எய்தலாகும். இதனை நிறைவு என்பர். நிறைவாவது அறியாமையும் பிழையும் நோயும் அற்ற நிலை என்று கொள்ளற்க. அன்பிற்கு மாறான நோக்கம் அற்ற நிலை என்றே வெஸ்லி விளக்கினர். பெற்ற அருளை ஒருவன் தன் மடிமையால் இழத்தலும் கூடும் என்றலின், காவல் யாண்டும் வேண்டற்பாலதாயிற்று.

இங்கேதான் நண்பர் இருவரும் மாறுபட்டனர். ஜெனீவா நகரில் விளங்கிய கால்வின் என்பார், இன்னார் மீட்புறுவர், இன்னார் கேடுறுவர் என்று இறைவன் ஆதியிலேயே முன்குறித்தான் என்று கற்பித்தவர். ஒல்லாந்து நாட்டு ஆர்மீனியஸ் என்பார் அதனை மறுத்தார். வெஸ்லி ஆர்மீனியஸ் வழியினர். விட்பீல்ட் கால்வின் வழியினர். 1739-இல் வெஸ்லி, கிருபை எல்லார்க்கும் எல்லாரிடத்தும் இலவசம் என்று பிரசங்கித்து அதனை அச்சிட்டார். முடிவு முன்னரே துணியப்பட்டதாயின் உபதேசம் வீணாம்; ஒழுக்கத்திற்கு ஊக்கம் குன்றும்; யாவர்மாட்டும் இரக்கமுடைய இறைவனுக்குக் கொடுமை ஏற்றியதாம் என்பன அவர் கூறிய தடைகள். அற்றேல் விட்பீல்ட் யாது விடை கூறினர் எனின், மீட்பு மனிதன் இசைவில் நிற்குமாயின் அருளின் பெருமை குன்றும். தெரிந்துகொள்ளப்பட்டார் இன்னார் என்று மனிதர் அறியாராகலின், யாவர்க்கும் உபதேசித்தலே கடன். உபதேசமும் இறைவன் வகுத்த கருவியே என்றனர். 1741-இல் இருவர் கூட்டமும் பிரிந்தன. எனினும், நாளடைவில் நட்பு மீண்டது. 1770-இல் விட்பீல்ட் அமெரிக்காவில் மறைந்தபோது, இலண்டனில் அவர்க்கு நினைவுரை நிகழ்த்தியவர் வெஸ்லியே. கொள்கையில் மாறுபட்டும் அன்பில் மாறுபடாமை பெரியோர் இயல்பாம்.

ஆயினும், அக்காலத்து யாவர்க்கும் உரைகல்லாய் நின்றது அடிமை வாணிகம். விட்பீல்ட், ஜார்ஜியாவில் விலக்கப்பட்டிருந்த அடிமை வழக்கத்தைச் சட்டமாக்குமாறு வற்புறுத்தியவர். 1751-இல் அது சட்டமாயிற்று. தாமும் அடிமைகளை உடையராயிருந்தார். வெஸ்லியோ, 1774-இல் அடிமைமுறையைக் கண்டித்து நூல் எழுதினார். 1791-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், தாம் இறத்தற்கு ஆறு நாள் முன், அவ்வாணிகத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்திற் போராடிய வில்பர்போர்ஸ் என்பார்க்கு ஊக்கமளித்துக் கடிதம் விடுத்தார். மார்ச்சு 2-ஆம் நாள் மறைந்தார். இது கொண்டு, முன்குறிப்புக் கொள்கையார் யாவரும் கொடியர், பொதுவருட் கொள்கையார் யாவரும் நல்லர் என்று முடித்தல் பொருந்தாது. என்னை? வெஸ்லியின் வழியினர்தாமே பின்னர் அதே உரைகல்லில் மாற்றுக் குறைந்தனர் ஆகலின்.

அமெரிக்கா விடுதலை பெற்றபின், ஆங்குக் குருமார் குறைந்தமையின், வெஸ்லி 1784-இல் தாமே இருவர்க்குக் குருப்பட்டமளித்து, தாமஸ் கோக் என்பாரை மேற்பார்வையாளராக்கி அனுப்பினர். அத்தியட்சர்க்கே உரிய செயலை ஒரு குரு செய்தல் தகாதென்று தம்பியார் சார்லஸ் வருந்தினர். தாய்ச்சபையை விட்டு நீங்குதல் கூடாதென்றே இறுதிவரை கூறிய வெஸ்லியின் செயலே பிரிவிற்கு வித்தாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் பால்ட்டிமோர் நகரிற் கூடிய மாநாட்டில், சபையார் தம் அடிமைகளை விடுவித்தல் வேண்டும் என்று விதித்தனர். உடையவர் எதிர்த்தமையின், அவ்விதி மறு ஆண்டே நிறுத்தி வைக்கப்பட்டது. பிலடெல்பியாவில் அடிமையாய்ப் பிறந்து தம்மைத் தாமே விலைகொடுத்து மீட்டுக்கொண்ட ரிச்சர்ட் ஆலன் என்னும் உபதேசியாரும் பிற கறுப்பரும், கோயிலில் செபித்துக்கொண்டிருந்த நிலையிலேயே தமக்கென ஒதுக்கிய இடத்திற்கு விரட்டப்பட, வெளியேறினர். அவர் 1794-இல் தனிக்கோயில் அமைத்தார். 1816-இல் அவர் வழியினர் தனிச்சபையாயினர். 1844-இல் அமெரிக்க மெதடிஸ்தரே அடிமை வழக்குப் பற்றி வடக்கெனவும் தெற்கெனவும் பிளவுற்றனர். 1939-இல் மீண்டும் ஒன்றாயினரேனும், கறுப்பர் சபைகளைத் தனியதிகாரத்தின்கீழ் ஒதுக்கி வைத்த ஏற்பாடு 1968 வரை நின்றது.

தமிழ் மக்களுக்கும் இச்சபையோடு தொடர்புண்டு. மேற்கூறிய கோக், தம் முதுமையில் போதகர் சிலருடன் இலங்கைக்குக் கப்பலேறி, 1814-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் நடுக்கடலிலேயே மறைந்தார். உடன்வந்தோர் அவ்வாண்டே இலங்கையை அடைந்தனர். அவருட் சிலர் யாழ்ப்பாணம் போந்தனர். பின்னர் அங்கு வந்த பீட்டர் பார்சிவல் என்னும் மெதடிஸ்த போதகரின் பாடசாலையிலேயே நல்லூர் ஆறுமுக நாவலர் ஆங்கிலம் கற்றனர். அவர் செய்த விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணையும் புரிந்தனர். அச்சபையாரின் பிரசங்கம், பாடசாலை, அச்சு என்னும் மூன்றன் வலிமையையும் அணுகி நின்று கண்ட நாவலர், 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கியதும், 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவியதும் யாவரும் அறிந்தன.

இவ்வரலாற்றாற் பெறப்படுவது யாது? அருள் யாவர்க்கும் பொது என்னும் உரை, சேகர எல்லையைக் கடந்து சுரங்கத்து வாயிலுக்குச் சென்றது, கொல்லனை உபதேசியாக்கியது, வாரம் ஒரு பென்னி தரமாட்டாதானையும் பன்னிருவருள் ஒருவனாக்கியது. அதே உரையைக் கூறிய வாயே, செபிப்பவனைக் கோயிலினின்று எழுப்பியும் விட்டது. அருளைப் பொதுவென்று நூலில் நாட்டுதல் அரிதன்று. தன் பக்கத்தில் நின்று வழிபடுவான் ஒருவனுக்கு இடங்கொடுக்கும் வேளையில் அதனை நாட்டுதலே அரிது. எச்சமயத்து நிற்பார்க்கும் இஃது ஒக்கும் என்க.