கூம்புக்குள் சிக்கிய குரல்

குரலைப் பிடித்து வைக்கப் புறப்பட்ட மனிதன் கூடவே வேறு பலவற்றையும் பிடித்துவிட்டான். வலை போட்டவனுக்கு மீனோடு பாசியும் வருவது போலத்தான். பாசியை எடுத்தெறிந்துவிடலாம். குரலோடு ஒட்டிக்கொண்ட வேண்டாத ஓசையை எப்படி எடுத்தெறிவது? இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதிலே சுவையான அத்தியாயம் என்ரிக்கோ கரூசோ என்ற இத்தாலியப் பாடகரைப் பற்றியது.

1902ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், மிலான் நகரத்து ஓட்டல் அறை ஒன்றில் கரூசோ பத்துப் பாட்டுக்கள் பாடினார். வயது 29, சன்மானம் நூறு பவுன். கிராமபோன் கம்பெனிக்காக அவற்றைப் பதிந்தவர் ஃபிரெட் கைஸ்பர்க். அந்தக் காலத்தில் மைக் ஏது? பாடகரின் எதிரே ஒரு கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் பாடினால் மறுமுனையிலுள்ள மெல்லிய தகடு அதிரும்; தகட்டோடு சேர்ந்த ஊசி மெழுகிலே கோடு கீறும். அவ்வளவுதான் யந்திரம்.

அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசிப் பாருங்கள். பேசுவது நீங்கள்தான், ஆனால் அண்டாவும் கூடவே பேசும். கூம்பும் அப்படியே தனக்கு உகந்த சில ஸ்வரங்களை ஓங்கச் செய்தது, மற்றவற்றை அமுக்கியது. மைக் வைத்துப் பதியும் முறை இசைத்தட்டு உலகில் பரவியது 1925இல். கரூசோவோ 1921லேயே, தமது 48ஆம் வயதில் காலமாகிவிட்டார். உலகம் கொண்டாடிய அந்தக் குரல் கூம்புக்குள்ளேயே சிக்கிக்கொண்டது.

1932இல் விக்டர் கம்பெனியார் ஒரு யுக்தி செய்தார்கள். பழைய பதிவோடு, புதிதாக வாசித்த வாத்திய கோஷ்டியையும் சேர்த்து இசைத்தட்டு வெளியிட்டார்கள். கிழிசலைத் தைக்காமல் மேலே பட்டுச் சால்வை போர்த்திய கதைதான்!

கிழிசலைத் தைக்க வந்தவர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தாமஸ் ஸ்டாக்ஹாம். கரூசோவின் கூம்பைத் தேடிப் பிடித்து அளக்க அவருக்கு வழியில்லை. ஆகவே 1907இல் கரூசோ பாடிய கோமாளிப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். அதே பாட்டைப் பிற்காலப் பாடகர் ஒருவர் நல்ல மைக்கின் முன் பாடிய பதிவையும் பக்கத்தில் வைத்தார். எந்தெந்த ஸ்வரம் எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று இரண்டையும் கம்ப்யூட்டரால் கணக்கிட்டு ஒப்பிட்டார். வித்தியாசமாக நின்றதில் பெரும்பகுதி கூம்பின் கைவரிசை! அது கூட்டியதைக் குறைத்தார், குறைத்ததைக் கூட்டினார். 1976இல் அந்த இசைத்தட்டு வெளிவந்தது.

இதே ஸ்டாக்ஹாமின் முன்னால் 1974இல் இன்னொரு பதிவும் வந்தது. ஜனாதிபதி நிக்ஸனின் அலுவலகத்தில் பதிவான நாடாவில் பதினெட்டரை நிமிஷப் பேச்சைக் காணோம். வெறும் ரீங்காரம் மட்டுமே கேட்டது. அதை ஆராய்ந்த ஆறு நிபுணர்களில் அவரும் ஒருவர். அழித்தும் மீண்டும் அழித்தும் உண்டான ரீங்காரம் அது என்று கண்டார்கள். அடியிலிருந்த பேச்சை மீட்க வழியில்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு பதிவுகளையும் சேர்த்து நினைத்தால் ஓர் உண்மை விளங்கும். கூம்பு கரூசோவின் குரலைக் கோணலாக்கியது. ஆனால் அந்தக் குரலை அழித்துவிடவில்லை. அதனால்தான் அறுபதுக்கும் மேற்பட்ட வருஷங்களுக்குப் பிறகும் அதை நிமிர்த்த முடிந்தது. துடைத்து அழித்த பேச்சோ, சில வருஷங்களுக்குள்ளேயே கணிதத்துக்கும் எட்டாமல் போய்விட்டது. காலமும் யந்திரமும் செய்த குறையைப் பொறுமை தீர்த்துவிடும். மனிதன் துடைத்தெறிந்ததைத்தான் யாராலும் திருப்பித் தர முடிவதில்லை.